ஜானவாசக் காரும் மண்ணெண்ணெயும்

யுத்தம் முடிந்த சமயம். ஆழ்வார்பேட்டையில் கரீம் பாயின் ஒர்க்‌ஷாப்பில் நான் மெக்கானிக். பிரேக் ஆயில் கடையில் கிடைக்காது. விளக்கெண்ணெயையும் ஸ்பிரிட்டையும் கலந்து நாங்களே தயாரிப்போம். அந்தக் கலவையின் மகிமையைக் கேட்காதவர்களுக்கும் நான் விளக்குவதுண்டு.

மயிலாப்பூர் வக்கீல் ஒருவர் தம் திறந்த காரை அனுப்பியிருந்தார். அன்று மாலை அவர் மகள் கல்யாணத்தின் ஜானவாசம். மாப்பிள்ளையை அதில் உட்கார வைத்து மாடவீதியில் ஊர்வலம். பழைய ஆயில் கறுத்துக் குழம்பாக இருந்தது.

"வடிச்சுட்டு புதுசு ஊத்து நைனா. வேற எதையும் நோண்டாதே," என்று சொல்லிவிட்டுப் பாய் தொழப் போனார்.

நான் நோண்டினேன். மிதித்தால் சக்கரங்களுக்கு ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றினேன். உள்ளே ரப்பர் கப் அழுக்காக இருந்தது. இருந்த ஸ்பிரிட் கலவைக்கே சரியாகிவிட்டதால், மண்ணெண்ணெயில் கழுவினேன். இரும்புச் சாமான் எல்லாவற்றையும் அதில்தான் கழுவுவோம். ரப்பர் இரும்பல்ல என்று தோன்றவில்லை. ஓட்டிப் பார்த்ததில் பிரேக் கச்சிதம். பெருமையோடு நானே கொண்டுபோய் விட்டேன்.

"டிரைவருக்கு ஜுரம். சாயங்காலம் நீயே ஓட்டிடுப்பா," என்றார் வக்கீல்.

வடக்கு மாடவீதியில் பிரேக்கை மிதித்தேன். காலை எடுத்தேன், பிரேக் விடவில்லை. மண்ணெண்ணெயில் ஊறிய கப் உப்பி, ஆயில் திரும்பும் துளையை அடைத்துவிட்டது. நாதஸ்வரம் முன்னே போயிற்று. மாப்பிள்ளை காரோடு நின்றார்.

"இன்னா வாத்யாரே, வண்டிக்குப் பொண்ணு புடிக்கலியா?" என்றார் ஊர்வலத்துக்குக் காஸ் விளக்கு தூக்கி வந்தவர்.

மாப்பிள்ளையின் தகப்பனார் சிரிக்கவில்லை. வக்கீலிடம், "என்ன ஓய், நடுத்தெருவுல நிறுத்திட்டீர்? அபசகுனம். இப்படியே ஊருக்குத் திரும்பிடட்டுமா?" என்றார். வக்கீல் என்னைப் பார்த்தார்.

ஸ்பானரோடு காருக்கடியில் புகுந்து, சக்கரங்களில் ஆயில் வடிக்கும் நிப்பிளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஆயில் பீறிட்டது. முதல் மூன்றும் என் சட்டையில். நான்காவது சம்பந்தியின் பட்டு வேஷ்டியில். சக்கரங்கள் விட்டுக்கொடுத்தன. கால் பிரேக் போயிற்று. ஹேண்ட் பிரேக்கைப் பிடித்தபடி நடைவேகத்தில் உருட்டினேன்.

மாப்பிள்ளை முன்னால் குனிந்து, "பிரேக் இருக்கோ?" என்றார்.

"கையில கீது சார்."

"அப்பாகிட்ட சொல்லாதேங்கோ," என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து, ஜனங்களுக்குக் கும்பிடு போட்டார்.

மண்டபம் வந்து சேர்ந்தோம். கல்யாணம் நிற்கவில்லை. பிரேக் ரப்பரை ஸ்பிரிட்டிலோ பிரேக் ஆயிலிலோதான் கழுவ வேண்டும், மண்ணெண்ணெய் ஆகாது. இதை இன்று யாருக்கும் அடித்துச் சொல்வேன். அன்று வாசலில் இதைச் சொல்ல வாயெடுத்தேன். வக்கீல் கையமர்த்தினார்.

"உள்ளே போய்ச் சாப்பிடுப்பா. நாளைக்குப் பொண்ணு மாப்பிள்ளைக்குக் குதிரை ஜட்கா சொல்லியாச்சு."