நாராயணபெருமாளின் சுவரும் இரண்டு கண்ணாடிகளும்

குமரி மாவட்டத்தில், கருங்கல் ஊரில் இருந்து மண்டைக்காடு போகிற வழியில் ஒரு முரட்டு வளைவு உண்டு. அங்கேதான் மஸ்கட் வெயிலில் காய்ந்து சம்பாதித்ததைக் கொட்டி நாராயணபெருமாள் வீட்டுக்குக் காம்பவுண்டு சுவர் கட்டினார். எதிரே என் பஞ்சர் கடை. சுவர் என்றால் மனுஷனுக்கு உயிர். காலையில் பெண்டாட்டி முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அதைத்தான் தடவிப் பார்ப்பார். எதிரே வருவது தெரியாமல் திரும்புகிற வண்டிக்காரர்களுக்கும் அதன் மேல்தான் ஆசை. அவர்கள் இடிப்பார்கள், இவர் சிமென்டு குழைப்பார். ஒரு தடவை ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார், பாவம்.

"வளைவுல கண்ணாடி வச்சா சரியாவும்" என்று யாரோ சொல்லிவிட்டார்கள். என்ன கண்ணாடி என்று கேட்கவேண்டாமா? மனைவி செல்லத்தாயின் அலமாரியில் இருந்த ஆளுயரக் கண்ணாடியைக் கழற்றிக் கொண்டுவந்து, ரோட்டைப் பார்க்க மின்கம்பத்தில் கட்டினார்.

"எனக்க அலமாரிக் கண்ணாடி! உங்களுக்கு மண்டைக்குச் சுகமில்லியா?"

"சும்மா கெடட்டி. வண்டி வீட்டுக்குள்ள கேறினா அலமாரிய எங்க வைப்ப?"

அன்றைக்கே மீன் பெட்டியோடு பைக்கில் வந்தான் பெனின். பார்த்தால், மீன் பெட்டியோடு ஒருவன் நேரே இவன் மேல் பாய்ந்து வருகிறான். "ஏலே, ஒதுங்குலே!" என்று கத்தினான். அவனும் வாயைத் திறந்தானே தவிர ஒதுங்கவில்லை. பெனின் வண்டியை ஒடித்தான், சுவரில் போய் முட்டினான். ரோடெல்லாம் சாளை மீன். எழுந்ததும், "எதிர்ல வந்த சவம் எங்கலே?" என்று தேடினான். நான் சிரித்துத் தொலைத்தேன். என்னை அடிக்க வந்தான்.

நாராயணபெருமாளின் மகள் அஞ்சு தலையில் அடித்துக்கொண்டாள். "தட்டைக் கண்ணாடில நேர நிக்கவன் மூஞ்சிதாம்ப்பா தெரியும். நடுவுல புடைச்ச கண்ணாடி வேணும். அது ரெண்டு பக்கத்து ரோட்டையும் சுருக்கி உள்ள கொண்டாந்துரும்."

வட்டக் கண்ணாடி வந்தது. வளைவுக்கு அந்தப்பக்கம் வருகிற பஸ், ஆடு, ஆள் எல்லாம் அதில் குட்டி குட்டியாகத் தெரிந்தன. சுவர் தப்பித்தது. நாராயணபெருமாள் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். அவர் சிரித்து நான் பார்த்ததே அப்போதுதான்.

ஒருநாள் சாயங்காலம் ஸ்கூட்டருக்குக் காற்றடிக்க என் கடைக்கு வந்தார். வீட்டுக்குப் போக ரோட்டைக் கடக்கவேண்டும். கண்ணாடியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு ஆட்டோ தெரிந்தது.

"அது எங்கயோ தூரத்துலல்லா வருது! வாறதுக்குள்ள நான் வீட்டுக்குள்ள கேறிருவேன்" என்று முறுக்கினார்.

அந்தக் கண்ணாடி பக்கத்தில் வருவதையும் சிறிதாக்கித்தான் காட்டும். ஆட்டோ வளைவிலேயே இருந்தது. "ஐயோ!" என்று இவர் ஒடித்த ஒடிப்பில் ஸ்கூட்டர் போய் முட்டி, சுவர் பொலபொலவென்று விழுந்தது. ஆளுக்குக் கீறல்கூட இல்லை.

சத்தம் கேட்டு விளக்குமாறோடு ஓடிவந்தாள் செல்லத்தாய். "எந்தப் பொட்டக்கண்ணுப் பயலுலே எனக்க வீட்டுக்காரருக்க சுவர இடிச்சது?"

தூசிக்குள்ளிருந்து நாராயணபெருமாள் மெல்லக் கையைத் தூக்கினார்.