சொந்த வண்டிக்குக் கறுப்புக்கொடி

எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் அப்பா ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி வேண்டிக்கொள்வார். எனக்கு நல்ல புத்தி, அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி இல்லாத வாரம், தனக்குத் தலைமையாசிரியரிடம் பொறுமை. அத்தையின் முறை வரும்போது மட்டும் குரல் சற்று உயரும். "அவளுடைய வேகத்தைக் குறைத்தருளும், ஆண்டவரே." பக்கத்தில் முழங்காலிட்டிருக்கும் அத்தை எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொல்வாள். மறுநாள் காலையில் வழக்கம்போல் வண்டியை எடுத்தால் தெருமுனையில் புழுதிதான் தெரியும்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. ராணிப்பேட்டையில் எங்களோடுதான் இருந்தாள். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவில் அவளுக்கு வேலை. ஒருமுறை வெளிநாட்டுக்குப் போகவேண்டிய சாம்பிள் ஷூக்கள் பெட்டிகட்டித் தயாராக இருக்க, வேன் டிரைவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. விமானத்துக்கு நேரமில்லை. அத்தை சாவியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். கூடப்போன மேனேஜர் பூந்தமல்லி வரைக்கும் கண்ணைத் திறக்கவில்லையாம். விமான நிலையத்தில் இறங்கி, "சரக்கு பொழச்சிடுச்சும்மா, நான் பொழச்சனான்னுதான் தெரியல" என்றாராம். அந்த நல்ல மனிதரே பிறகு தமக்குத் தெரிந்த ஒருவரிடம் அவளை அனுப்பினார். அந்த நண்பர் சென்னையில் சின்னப் பந்தய வண்டிகள் வைத்திருந்தார். ஆசையை அங்கே தீர்த்துக்கொள்ளட்டும் என்பது மேனேஜரின் எண்ணம்.

ஆசை தீரவில்லை. சின்ன வண்டியிலிருந்து பெரிய காருக்குப் போனாள். வாரம் முழுக்க ஆம்பூரில் வேலை, சனி ஞாயிறில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இருந்த பந்தயத் தடத்தில் ஓட்டம் என்று பல வருஷம் கழிந்தது. அவள் ஓட்டிய பந்தயங்களில் ஒன்றை எங்கள் ஊரில் எல்லோரும் தாங்களே பார்த்ததுபோல் சொல்வார்கள். அதில் பாதி ஓட்டத்தில் அவள் வண்டியின் அடியிலிருந்து புகை வர ஆரம்பித்தது. தடத்தைவிட்டு உள்ளே வரச்சொல்லி அவளுடைய அணிக்காரர்கள் பலகை காட்டினார்கள். அத்தை தலையை மறுபக்கம் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். அடுத்த சுற்றிலும் அப்படியே. புகையோடு முதலாவதாக வந்து, கோட்டைத் தாண்டியதும் வண்டியிலிருந்து குதித்து ஓடினாள். பின்னால் வண்டி எரிந்தது. இந்தக் கதையை நான் பள்ளிக்கூடத்தில் வாரம் ஒருமுறையாவது சொல்வேன். ஒவ்வொரு முறையும் தீ கொஞ்சம் பெரிதாகும்.

பிறகு ஒருநாள் இனி ஓட்டப்போவதில்லை, சொந்தமாக அணி வைக்கப்போகிறேன் என்று அறிவித்தாள். அப்பா தம் ஜெபம் கேட்கப்பட்டதாகவே நினைத்தார். தன் பங்குக்கு வந்த மனையை விற்று அத்தை இரண்டு பழைய கார்களை வாங்கினாள். தொழிற்பேட்டையில் ஒரு கெமிக்கல் கம்பெனியை ஒட்டி ஷெட் பிடித்தாள். மதியத்தில் அங்கே எல்லோருக்கும் கண் எரியும். நெமிலியிலிருந்து ஒரு மெக்கானிக் அண்ணன் வந்து சேர்ந்தான். வண்டி ஓட்ட ஆம்பூரிலிருந்து ஓர் அண்ணன் வந்தான். தோல் மண்டியில் டெம்போ ஓட்டிக்கொண்டிருந்தவன், புகை வண்டிக் கதையைக் கேட்டுவிட்டுத் தானாகத் தேடி வந்தவன். அத்தையை ஆபா என்று கூப்பிடுவான். உருதுவில் அக்காவாம்.

அந்த வருஷம் அவன் அபாரமாக ஓட்டினான். கடைசிப் பந்தயத்தில் ஜெயித்தால் பட்டம் எங்களுக்கு. ஒரு டயர் கம்பெனியும் அடுத்த வருஷச் செலவை ஏற்பதாகச் சொல்லியிருந்தது. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. அழுது அடம்பிடித்து அத்தையோடு போனேன். எங்கள் அணிக்குக் கொடுத்திருந்த காரேஜில், அடுக்கி வைத்த டயர்களுக்குப் பின்னால் நிற்க எனக்கு இடம் கிடைத்தது. அங்கிருந்து தடத்தின் ஒரு வளைவும் அதற்குப் பின்வரும் நேர்ப்பாதையும் தெரியும்.

முதல் சுற்றிலேயே எங்கள் வண்டி முன்னால் போய்விட்டது. சுற்றுக்குச் சுற்று இடைவெளி கூடிக்கொண்டே வந்தது. நான் கத்திக்கத்தித் தொண்டை கட்டிப்போய்த் திரும்பிப் பார்த்தால், அத்தை முகத்தில் சிரிப்பில்லை.

"முன் சக்கரம் ஆடுது பாத்தியா?" என்று மெக்கானிக்கிடம் கேட்டாள்.

அவன் அடுத்த சுற்று வரைக்கும் காத்திருந்து உற்றுப் பார்த்தான். "ஆடற மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு மேடம். இன்னும் நாலஞ்சு ரவுண்டுதான். தாங்கிடும்."

"தாங்கலன்னா?"

அத்தை பலகையை எடுத்து, உள்ளே வரச்சொல்லும் அம்புக்குறியை மாட்டித் தடுப்புச் சுவருக்கு மேலே தூக்கிக் காட்டினாள். வண்டி எங்களைக் கடக்கும்போது ஹெல்மெட் ஒரு கணம் எங்கள் பக்கம் திரும்பியது. உடனே மறுபக்கம் திரும்பிக்கொண்டது. எனக்குப் புல்லரித்தது. அசல் அத்தையேதான்!

அடுத்த சுற்றிலும் அவன் வரவில்லை. அத்தை பலகையைக் கீழே போட்டுவிட்டு, காரேஜ் வாசலில் வாக்கிடாக்கியோடு நின்ற பந்தய அதிகாரியிடம் ஓடினாள்.

"சார், எங்க வண்டி முன்சக்கரத்துல கோளாறு. கொடி காட்டி நிறுத்தச் சொல்லுங்க."

கறுப்புத் துணியில் ஆரஞ்சு வட்டம் போட்ட கொடி அது. அதைக் காட்டினால் எப்பேர்ப்பட்டவனும் உள்ளே வந்தாக வேண்டும். வராவிட்டால் லைசென்ஸ் போய்விடும். எதிரி அணியின் வண்டிக்குக் காட்டச் சொல்லி ஆட்கள் சண்டைபோடுவது உண்டாம். தன் வண்டிக்கே கேட்ட ஆளை அந்த அதிகாரி பார்த்ததில்லை போலிருக்கிறது.

"மேடம், அது உங்க வண்டிதானே? ஃபர்ஸ்ட்ல ஓடுது."

"என் வண்டிதான் சார். தெரிஞ்சுதான் கேக்கறேன். சீக்கிரம் காட்டுங்க."

காட்டினார்கள். வண்டி வேகம் குறைந்து உள்ளே வந்தது. ஆம்பூர் அண்ணன் இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினான். முகம் சிவந்து கண்ணில் நீர் நின்றது. வெளியே இரண்டாவதாக வந்துகொண்டிருந்த நீல வண்டி எங்களைத் தாண்டிப் போகும் சத்தம் கேட்டது.

"இன்னா ஆபா இது? ஜெயிச்சிட்டேன் ஆபா நான்! உங்களுக்கும் அன்னிக்குப் பலக காட்டினாங்களே, நீங்க நின்னீங்களா?"

எனக்கும் அதே கேள்விதான்.

"நிக்கல" என்றாள் அத்தை. "அன்னிக்கு வண்டியில நான் இருந்தேன். இன்னிக்கு நீ இருக்கே."

அவன் கையுறைகளைத் தரையில் வீசிவிட்டுப் பின்பக்கமாகப் போய்விட்டான். மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றினான். ஒவ்வொரு பாகமாகத் தட்டிப் பார்த்தான், அசைத்துப் பார்த்தான், துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தான். நான் கர்த்தரே, உடைந்திருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். உடைந்திருந்தால் அத்தை சொன்னது சரியென்று ஆகிவிடும்.

"ஒண்ணுமே இல்ல மேடம்" என்றான் அவன், தலையைக் குனிந்துகொண்டு. "எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

அத்தை டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்தாள். தண்ணீர் பாட்டிலை வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள். பாதித் தண்ணீர் சட்டையில் சிந்தியது. அழப்போகிறாள் என்று நான் பக்கத்தில் போனேன். அவளோ சிரித்துக்கொண்டிருந்தாள். "ஒண்ணுமில்லையா? நல்லதாப் போச்சுடா" என்றாள் மெக்கானிக்கிடம். எனக்கு வந்த கோபத்தில் அவள் நீட்டிய பிஸ்கட்டை வாங்கவில்லை. நல்ல சக்கரத்தை நம்பாமல் பட்டத்தைத் தொலைத்துவிட்டுச் சிரிக்கவும் செய்கிறவளைப் பற்றி நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் என்னவென்று சொல்வது?

பட்டம் நீல வண்டிக்குப் போனது. டயர் கம்பெனியும் அங்கேயே போனது. அடுத்த வருஷம் ஒரே வண்டியை வைத்து ஓட்டினோம். ஆம்பூர் அண்ணன் வேறு அணிக்குப் போகப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான், போகவில்லை. இரண்டு வருஷம் தாண்டி எங்கள் முதல் பட்டத்தை அவன்தான் வாங்கித் தந்தான். இன்றைக்கு அத்தையின் ஷெட்டில் நான்கு வண்டிகள் நிற்கின்றன. ஆலங்காயத்துப் பெண் ஒருத்தி அவற்றில் ஒன்றை ஓட்டுகிறாள். எங்கள் பிள்ளையை உங்களிடமே விடுகிறோம் என்று அப்பா அம்மாக்கள் ஏன் அத்தையைத் தேடி வருகிறார்கள் என்று இப்போது எனக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. அன்று மாலை இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்?

திரும்பும்போது வேனை அத்தைதான் ஓட்டினாள். எங்கள் ஊருக்குத் திரும்பும் வாலாஜா வந்ததும் ஆம்பூர் அண்ணன் வழக்கம்போல் பஸ் பிடிக்க இறங்கப் பார்த்தான். "உக்காரு, நான் விடறேன்" என்று அத்தை வண்டியை நேரே விட்டாள். வேலூர் தாண்டி, பள்ளிகொண்டா தாண்டி, ஆம்பூரில் மசூதிக்குப் பின்னால் இருந்த ஒரு சந்தில் நிறுத்தினாள். வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. சத்தம் கேட்டு அவனுடைய அம்மா வாசலுக்கு வந்தார்கள். ஏதோ கேட்டார்கள், அவன் இல்லையென்று தலையாட்டினான். அவர்கள் அவன் கன்னத்தைத் துடைத்துவிட்டு உருதுவில் இன்னும் ஏதோ சொல்லி உள்ளே கூட்டிப்போனார்கள்.

"இன்னா சொன்னாங்க அத்த?"

"சோறு ஆறிடுதாம். சாப்ட வரச் சொன்னாங்க."

கதவு மூடிக்கொண்டது. அத்தை வண்டியை எடுக்கவில்லை. ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே தட்டுகள் எடுத்துவைக்கும் சத்தம் கேட்டது. எனக்கும் நல்ல பசி. யாராவது வெளியே வந்து எங்களையும் சாப்பிடக் கூப்பிடுவார்கள், அதற்காகத்தான் அத்தை காத்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்து, நான் செருப்பை மாட்டிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தேன்.