சட்டை மாற்றும் பொம்மை

மொரப்பூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு மாற்றலாகி வந்த புதிது. நாளெல்லாம் அடுத்தவர்கள் பேச லைன் போட்டுக் கொடுப்பேன். எனக்குப் பேச ஆளில்லை. சாயங்காலமானால் ரயில்வே கேட் வரை நடப்பேன்.

அந்த வழியில்தான் அந்தத் திருஷ்டி பொம்மையைப் பார்த்தேன். வீடு கட்டும்போது கண் படாமலிருக்க வைப்பார்கள், குடிபோகுமுன் இறக்கிவிடுவார்கள். இங்கே அடித்த வெள்ளையே மங்கிவிட்டது, பொம்மை இன்னும் மாடியில் நின்றது. அதுவும் வாரத்துக்கொரு சட்டையில்! ஒரு வாரம் கோடு போட்டது, ஒரு வாரம் பூப்போட்டது.

மார்கழியில் ஒரு நாள் அதன் கழுத்தில் மஃப்ளரைப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் அவசரமாக வெளியே வந்தார். நரைத்த மீசை. அந்தக் குளிரிலும் மேலுக்கு வெறும் பனியன்தான்.

"பனி கொட்டுதுங்களே, அதான்" என்றார், பொம்மையைக் காட்டி.

"வீடுதான் முடிஞ்சிடுச்சே. இன்னும் இறக்கலீங்களா?"

"இறக்கிட்டா இந்த வூட்டை யாருங்க நின்னு பாப்பாங்க?"

மாடியை அண்ணாந்து பார்த்தேன். அவரே தொடர்ந்தார்: "போன வாரம் உங்களக் காணோமே. ஒடம்புக்கு ஏதாச்சுங்களா?"

காய்ச்சலில் கிடந்திருந்தேன். அந்த ஊரில் அதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை. "இப்ப தேவலைங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தேன்.

மறுநாள் சாயங்காலம் கிளம்பும்போது, போட்டிருந்த சட்டையைக் கழற்றிவிட்டு, பெட்டியிலிருந்து நல்லதாக ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.