இதில் எத்தனை நகர்த்தலில் மேட்?

என் வாழ்க்கையின் முதல் சதுரங்க ஆட்டத்தை நான் ஆடியது, ஒரு சதுரங்கப் போட்டியில் முதலாவதாக வந்த பிறகுதான். இதைச் சொன்னால் ஆடத் தெரிந்தவர்கள் சிரிக்கிறார்கள். தெரியாதவர்கள் பொய் என்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்து எழுதிவைக்கிறேன்.

மலைமேல் ஒண்டிக்கடை என்கிற ஊரில் எங்கள் அத்தாவுக்கு மளிகைக்கடை; அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். பொட்டலம் கட்டுவதற்கு எஸ்டேட் பங்களாக்களிலிருந்து பழைய ஆங்கிலப் பேப்பர் எடைக்கு வரும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் மிளகாய் மடிப்பதற்கு முன் பேப்பரைப் படித்துவிடும் உரிமையை யாரையும் கேட்காமல் எடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைத் தாளின் மூலையில் கட்டம் போட்ட ஒரு படம் இருக்கும். கீழே, ‘வெள்ளை ஆடி இரண்டு நகர்த்தலில் மேட்’ என்று ஒரு வரி. அதாவது கறுப்பு எதை ஆடினாலும் சரி, வெள்ளை தன் இரண்டாவது நகர்த்தலில் கறுப்பு ராஜாவை மடக்கிவிட வேண்டும். விடை அடுத்த வாரத் தாளில் வரும். அந்த அடுத்த வாரத் தாள் மட்டும் எங்கள் கடைக்கு வந்ததே இல்லை. நான் கண்டுபிடித்ததுதான் விடை என்று வைத்துக்கொண்டேன்.

எந்தக் காய் எப்படிப் போகும் என்பதை என்னோடு படித்த ஒருத்தி வரைந்து காட்டினாள். நாகலூர்ப் பக்கம் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ஒருவரின் மகள். ஆட்டத்தை எப்படி ஆரம்பிப்பது என்று திங்கட்கிழமை சொல்வதாக இருந்தாள். திங்கட்கிழமைக்குள் அவள் அப்பாவை வேறு எஸ்டேட்டுக்கு மாற்றிவிட்டார்கள். எனக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. பேப்பரில் வந்த ஆட்டங்கள் எல்லாமே பாதியில்தான் ஆரம்பித்தன. சதுரங்கம் என்றாலே அப்படித்தான் என்று இருந்தேன்.

காய்கள் வாங்க வழியில்லை. லவங்கம் சிப்பாய், ஏலக்காய் மந்திரி, பட்டை யானை, அன்னாசிப்பூ ராணி என்று கடைப்பலகையிலேயே அடுக்கிப் பார்ப்பேன். ஒருமுறை மேட் கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில் அத்தா என் ராணியை எடுத்து யாருடைய பிரியாணிக்கோ கட்டிக்கொடுத்துவிட்டார். அதிலிருந்து மனதுக்குள்ளேயே ஆடப் பழகினேன்.

இந்தப் புதிர்களுக்கென்று ஒரு நாகரிகம் உண்டு. முதல் நகர்த்தலில் எதையும் வெட்டக்கூடாது, செக் வைக்கக்கூடாது. அதெல்லாம் முரட்டுத்தனம். ராணியைக் கொண்டுபோய் எதிரியின் வாயருகே வைத்துவிட்டுச் சும்மா இருப்பதுதான் அழகு. எந்தக் காயால் வெட்டினாலும் மேட் என்று இருக்கும். நானும் அப்படிப்பட்ட நாகரிகத்தில் வளர்ந்தவள்.

தபாலில் பி.காம். படித்துக்கொண்டிருந்த வருடம், கோடை விழா சமயத்தில், பஸ் ஸ்டாண்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். சதுரங்கப் புதிர் தீர்க்கும் போட்டி. முதலாவதாக வருபவருக்கு ஒரு கோப்பை. அதோடு மெட்ராஸில் நடக்கும் பெரிய போட்டிக்குத் துணைக்கு ஒருவருடன் அனுப்பிவைப்பார்கள். கோப்பை எனக்குப் பெரிதாகப் படவில்லை. புதிர் தீர்க்கும் இன்னொரு ஆளை நான் அதுவரை கண்ணால் பார்த்ததில்லை. மெட்ராஸில் ஒரு அறை நிறைய அப்படிப்பட்டவர்கள் உட்கார்ந்திருப்பார்கள் என்ற நினைப்பே எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.

அத்தாவிடம் கேட்டேன்.

“ஜெயிச்சீன்னா கடையைச் சாத்திப்போட்டு நானே கூட்டிக்கிட்டுப் போறேன் கண்ணு. தோத்தா மெட்ராசுப் பேச்சே எடுக்கக்கூடாது” என்றார். எடையிலும் பேச்சிலும் அத்தா ஒரு குன்றிமணி கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார்.

போட்டி ஏரிக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜின் சாப்பாட்டு அறையில் நடந்தது. நடுவர் சேலத்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற பேங்க் அதிகாரி. புதிர்களைத் தவிர உலகத்தில் வேறு எதிலும் பிடிப்பில்லாதவர் போல இருந்தார். எங்களை மேஜைக்கு ஒருவராக உட்காரவைத்து, பேசக்கூடாது என்று சொல்லி, ஆளுக்கொரு தாள் கொடுத்தார். அத்தா பின்வரிசையில் மகள் ஜெயிப்பதைப் பார்க்க நிமிர்ந்து உட்கார்ந்தார். யாரும் எதுவும் செய்யவில்லை. எல்லோரும் தாளைப் பார்த்தோம். அத்தா தூங்கிப்போனார்.

கோப்பையை வாங்கிக் கொடுத்திருந்த லாட்ஜ் முதலாளிக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. சுற்றுலா வந்தவர்களையெல்லாம் வேடிக்கை பார்க்க அழைத்திருந்தார். ஒரு புதுமணத் தம்பதி வாசலில் நின்று வெகுநேரம் காத்திருந்துவிட்டு, “எப்பங்க ஆரம்பிப்பாங்க?” என்று கேட்டார்கள். அவர் நடுவரின் காதருகே குனிந்து, “ஏனுங்க சார், எதிர்ல ஆளே இல்லாம இதென்னுங்க போட்டி? ஒரு ஆளையாவது உக்கார வையுங்க. சும்மாவாவது இருக்கட்டும்” என்று கெஞ்சினார். நடுவர் கையமர்த்தினார்.

நான் எல்லாப் புதிர்களையும் முடித்தேன். கடைசியில் இருந்தது, வெள்ளை தோற்றுப்போகும் நிலையிலிருந்து டிரா செய்து தப்பிக்க வேண்டிய புதிர். யானையை வேண்டுமென்றே பலிகொடுத்தால்தான் வழி பிறக்கும். அதைக் கண்டதும் எழுந்து ஒரு சுற்று ஓடிவிட்டு வரவேண்டும் போல இருந்தது. நடுவர் என் தாளைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். நான்தான் முதல் என்று அப்போதே தெரிந்துவிட்டது. இரண்டாவதாக வந்தவர் சேலத்து வக்கீல் ஒருவர். ஜில்லா அளவில் சதுரங்கம் ஆடியவர் என்று சட்டைப் பையில் பேட்ஜ் குத்தியிருந்தார்.

நடுவர் அறிவிக்க எழுந்தபோது லாட்ஜ் முதலாளி குறுக்கே வந்துவிட்டார். “நொம்ப நேரமா ஜனங்க நிக்கறாங்க. முதல்ல வந்தவங்களும் ரெண்டாவதா வந்தவரும் ஒரு ஆட்டம் ஆடட்டுமுங்க. அப்பறம் கோப்பையைக் குடுத்தாத்தான் ஒரு மரியாதை.”

“அது இந்தப் போட்டியில் இல்லை” என்றார் நடுவர்.

“எனக்கு ஆட்சேபணை இல்லை” என்றார் வக்கீல். “ஏம்மா, காயை அடுக்கு.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. நிஜப் பலகை, நிஜக் காய்கள். கறுப்பு ராஜாவை மூலையில் வைத்தேன். வெள்ளைக் குதிரையை நடுவில் நிறுத்தினேன். அழகாக ஒரு நிலையை அமைத்துவிட்டு, மிச்சக் காய்களைப் பெட்டியில் போட்டு மூடினேன்.

“இது என்னது?” என்றார் வக்கீல்.

“இரண்டு நகர்த்தலில் மேட்டுங்க.”

வக்கீல் நடுவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பெட்டியைத் திறந்து எல்லாக் காய்களையும் எடுத்து, இரண்டு பக்கமும் இரண்டிரண்டு வரிசையாக, கடையில் சோப்பு அடுக்குவது போல அடுக்கினார். அவ்வளவு அசிங்கமான ஒரு நிலையை நான் எந்தப் பேப்பரிலும் பார்த்ததில்லை. இடமே இல்லாமல் எல்லாரும் முண்டியடித்துக்கொண்டு, இந்தப் பக்கம் இருப்பதே அந்தப் பக்கமும். இதை இயற்றியவருக்குக் கொஞ்சமாவது ரசனை இருந்திருக்கும் என்று தோன்றவில்லை.

“இதில் எத்தனை நகர்த்தலில் மேட்டுங்க?” என்று கேட்டேன்.

நடுவர் வாயைப் பொத்திக்கொண்டார். வக்கீல், “அது யாருக்கும் தெரியாதும்மா. ஆடு” என்றார். விடை யாருக்குமே தெரியாத புதிரை என்னிடம் கொடுக்கிறார்களே என்று எனக்குக் கோபம் வந்தது.

சத்தம் கேட்டு அத்தா விழித்துக்கொண்டது அப்போதுதான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றார்.

நான் ராணிக்கு வழிவிட்டு ஒரு சிப்பாயைத் தள்ளினேன். பிறகு ஓரத்தில் அமைதியான ஒரு நகர்த்தல். வக்கீல் ஒரு மந்திரிக்கு வழி திறந்தார், ஒரு குதிரையை முன்னால் கொண்டுவந்தார். அடுத்து என் ராணியைக் கொண்டுபோய், அவருடைய குதிரையும் மந்திரியும் வெட்டக்கூடிய கட்டத்தில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன். பார்ப்பவர்கள் மூச்சை இழுத்துப் பிடித்தார்கள். அது பாராட்டு என்று நினைத்தேன்.

வக்கீல் ராணியை வெட்டினார். நான் மேட்டைத் தேடினேன். இல்லை.

அதன்பிறகு அவர் வெட்டிக்கொண்டே போனார். அவருடைய காய் ஒன்று என் சிப்பாய் வெட்டக்கூடிய கட்டத்தில் வந்து நின்றபோது, “அடியே கண்ணு, சும்மாதான நிக்குது, எடுத்துப்போடு!” என்று அத்தா கத்தினார். எடுப்பது மரியாதையில்லை என்று விட்டுவிட்டேன். டீ ஆறுவதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. புதுமணத் தம்பதி கைதட்டினார்கள்.

அந்தக் கைதட்டலுக்கு நடுவில்தான் நடுவர் என்னை முதலாவதாக அறிவித்தார். லாட்ஜ் முதலாளி கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் நீட்டுவது என்று தெரியாமல் நின்றார். அத்தா முன்னால் வந்தார்.

“வேண்டாமுங்க. எம்புள்ள தோத்துப்போச்சு. நானே கண்ணால பாத்தேன். தோத்துப்போட்டு பரிசு வாங்கறது எங்களுக்கு ஆகாது. வா கண்ணு, ஊட்டுக்குப் போலாம்.”

மெட்ராஸ் என் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது. “அத்தா, நான் ஜெயிச்சுட்டேன். நீங்க தூங்கும்போதே ஜெயிச்சுட்டேன்” என்றேன்.

“தூங்கும்போது ஜெயிச்சுப்போட்டு முழிச்சதும் தோப்பாங்களா யாராச்சும்?”

நடுவர் ஓடிவந்தார். “பாய், அது வேற, இது வேறங்க. அந்தத் தாள்ல கேள்வி இருக்கும். இவங்க பதில் எழுதணும். நாங்க திருத்தி மார்க் போடுவோம்.”

அத்தா நின்றுவிட்டார். “மார்க்கா?”

“ஆமாங்க.”

“பேசக்கூடாதுன்னு தனித்தனி மேசையில உக்கார வெச்சது?”

“பாத்து எழுதிடக்கூடாதுன்னுதாங்க.”

அத்தா என்னைத் திரும்பிப் பார்த்தார். என் பள்ளிக்கூடத்து மார்க் ஷீட்டுகளையெல்லாம் கடையில் அரிசி மூட்டைக்கு மேலே கண்ணாடி போட்டு மாட்டியிருந்தவர் அவர்.

“பரீட்சையா இது? போட்டி, போட்டின்னுதான சொன்ன? பரீட்சைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீன்னா நான் தூங்கியிருப்பனா?” பிறகு வக்கீல் பக்கம் திரும்பினார். “உங்களுக்கு எத்தனை மார்க்குங்க?”

வக்கீல் பேட்ஜைச் சரிசெய்துகொண்டு, “பாதி சரியா வந்துச்சுங்க” என்றார்.

“இவளுக்கு?”

“எல்லாமே” என்றார் நடுவர்.

அத்தா வக்கீலின் தோளைத் தட்டினார். குரலில் உண்மையான பரிவு இருந்தது. “விடுங்க சாமி. உங்களுக்கு விளையாட்டு நல்லா வருது. படிப்பு எல்லாத்துக்கும் வந்துடுமுங்களா?”

லாட்ஜ் முதலாளி அந்தச் சந்தடியில் கோப்பையை வக்கீல் கையில் கொடுத்து போட்டோ எடுத்துக்கொண்டார். நான் அத்தாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அப்ப மெட்ராஸ்ல இருக்கறது பெரிய பரீட்சைங்களா?” என்று நடுவரிடம் கேட்டார்.

“ஆமாங்க பாய். இதைவிடக் கஷ்டம்.”

“போய்த்தான ஆகணும். பரீட்சைக்குப் போகாம இருக்க முடியுமா? ஹால் டிக்கெட்டைக் குடுங்க.”

அப்படி எதுவும் கிடையாது என்று நடுவர் எவ்வளவோ சொன்னார். ஹால் டிக்கெட் இல்லாத பரீட்சைக்கு மகளை அனுப்ப அத்தா தயாராக இல்லை. கடைசியில் அந்த மனிதர் லாட்ஜின் பில் தாளில் என் பெயரை எழுதி, பதிவெண் என்று ஒன்றைப் போட்டு, கையெழுத்து வைத்து, முதலாளியின் ரப்பர் ஸ்டாம்பையும் குத்திக் கொடுத்தார். அத்தா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“போட்டோ ஒட்டோணுமுங்களா?” என்று கேட்டார்.