வெடிக்குப் பயந்த மிளகும் ஸ்ட்ராபெரி மாத்திரையும்

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு, கார்த்திகை மாதம். திருவனந்தபுரத்தில், ஆரியசாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். கணவருக்குக் கடைத்தெருவில் மலைச்சரக்கு மொத்த வியாபாரம். வீட்டிலிருந்து மூன்று மதில் தள்ளி ஒரு சின்னக் கோவில். அங்கே வெடி வழிபாடு உண்டு. கேரளத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். அர்ச்சனைக்குச் சீட்டு எடுப்பதுபோல வெடிக்கும் சீட்டு எடுக்கலாம். மைக்கில் உங்கள் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி, "வலிய வெடி ரெண்டு, செறிய வெடி நாலு" என்று, பெரிய வெடி சின்ன வெடிக் கணக்கை மலையாளத்தில் ஒரு குரல் சோம்பலாக இழுக்கும். கோவிலின் பின்பக்கம் ஓர் ஆள் இரும்புக் குழாய்களில் வெடிமருந்தை இடித்து நிரப்பிக் காத்திருப்பார். குரல் முடிந்ததும் திரியில் தீ. வேண்டுதல் மேலே போகும். சத்தம் எங்கள் வீட்டுக்குள் வரும்.

மற்ற மாதங்களில் நாளுக்கு நாலைந்து இருக்கும். கார்த்திகை பிறந்து, சபரிமலைக்கு மாலை போடுகிறவர்கள் வரத் தொடங்கினால் கணக்கே கிடையாது.

எங்கள் நாயின் பெயர் மிளகு. குட்டியாக இருந்தபோது கடைக்கு வந்த மிளகுச் சாக்குகளுக்கு நடுவே சுருண்டு கிடந்தது. நிறமும் அதே நிறம். சாதாரண நாட்டு நாய். வாசலில் யார் வந்தாலும் குரைக்கும், இடியோ மழையோ பொருட்படுத்தாது. வெடி மட்டும் ஆகாது. வெடிகூட வேண்டாம், மைக்கைத் தட்டும் அந்த "டொப் டொப்" போதும். காது இரண்டும் தலையோடு ஒட்டிக்கொள்ளும். கட்டிலுக்கடியில் போய் உடம்பு முழுவதும் உதற ஆரம்பிக்கும். அதன் நகங்கள் தரையில் தடதடவென்று அடிக்கும் சத்தம், வெடிக்கும் வெடிக்கும் இடையில் இருக்கும் அமைதியை நிரப்பும். ஒருமுறை வாசல் கிரில்லைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொண்டது. இன்னொரு முறை கதவு இடுக்கு வழியாகப் பாய்ந்து பெரிய ரோட்டுக்கே ஓடிவிட்டது. பஸ் டிரைவர் பிரேக் போட்டதால் பிழைத்தது. அடுத்த தடவையும் ஒரு டிரைவர் பிரேக் போடுவார் என்று எந்த நிச்சயமும் இல்லை.

நான் ஒருநாள் வெடிக்காரரிடம் சண்டைக்கே போனேன். ஐம்பது வயது இருக்கும். மார்த்தாண்டம் பக்கத்துக்காரர். வலது கையில் இரண்டு விரல்கள் பாதிதான். ஒரு காது சுத்தமாகக் கேட்காது, அதனால் தலையைச் சாய்த்து மற்றக் காதை நம் பக்கம் கொடுப்பார்.

"ஒரு வாயில்லா ஜீவன் இப்படித் துடிக்குதே, கொஞ்சம் மெதுவா வைக்கக் கூடாதா?" என்றேன்.

"எக்கா, வெடிய மெதுவா வைக்க எனக்குத் தெரியாது. சீட்டு எடுக்கவங்க கிட்ட சொல்லுங்கோ" என்றார். பிறகு, "எனக்கும் ஒரு காதுதான் மிச்சம்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதன் பிறகு வழியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டில்தான், நியூஜெர்சியில் இருக்கும் நாத்தனார் போனில் ஒரு வழி சொல்லியிருந்தாள். "மதினி, இங்க ஜூலை மாசம் ஊரெல்லாம் வாணவேடிக்கை. எங்க நாயும் இப்படித்தான் பாத்ரூம்ல போய் ஒளியும். டாக்டர் மெலடோனின் குடுக்கச் சொன்னார். நான் வரும்போது கொண்டாரேன்."

மெலடோனின் என்றால் இருட்டு வந்ததும் உடம்பு தானாகச் சுரந்துகொள்கிற ஒன்று, தூக்கத்துக்கு அழைப்பு மணி மாதிரி என்று விளக்கினாள். அமெரிக்காவில் மளிகைக் கடையிலேயே கிடைக்குமாம். மனிதர்கள் தூக்கத்துக்குச் சாப்பிடுவதை, நாய் பூனைகளின் பயம் தணியவும் அங்கே சில டாக்டர்கள் சொல்கிறார்களாம். டிசம்பரில் வந்தபோது ஒரு வெள்ளை டப்பா கொண்டுவந்தாள். சுவையில்லாத சின்ன வெள்ளை மாத்திரைகள்.

அதை எங்கள் கால்நடை டாக்டரிடம் காட்டினேன். அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டிலேயே பார்ப்பவர். மலையாளி, எங்களிடம் பேசும்போது தமிழை மலையாளத்தில் தோய்த்தெடுத்துப் பேசுவார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி டப்பாவின் பொடி எழுத்தை எல்லாம் படித்தார். "ஞான் இது கொடுத்துப் பழக்கமில்ல. வெறும் மாத்திரைதான், வேற ஒண்ணும் சேர்க்கலை. இந்த எடைக்கு ஒண்ணு. வெடிக்கு அரை மணிக்கூர் முன்னே. அதுக்கு மேல வேண்டா. வேற டப்பா வந்தா, அதையும் காட்டணும்."

ஒன்று கொடுத்தேன். பெரிய அதிசயம் எதுவும் நடந்துவிடவில்லை. கட்டிலுக்கடியில் போகும், ஆனால் உதறாது. ஒவ்வொரு வெடிக்கும் காது மட்டும் ஒரு தரம் துடித்து அடங்கும். எனக்கு அதுவே பெரிது. மதிலில் குடியிருந்த ஒரு கடுவன் பூனையும் வெடிக்கு மிரண்டு ஓடுமே என்று, அதற்கும் டாக்டரைக் கேட்டு, பாதி மாத்திரையைத் தயிர்சாதத்தில் ஒளித்து வைத்தேன். பூனை சாதத்தைத் தின்று, மாத்திரையை மட்டும் சுத்தமாக நக்கித் துடைத்து மதில்மேல் வைத்துவிட்டுப் போயிற்று. மூன்று நாள் முயன்றேன். மூன்று நாளும் மூன்று பாதி மாத்திரைகள் மதிலில் வெயில் காய்ந்தன. போ, உனக்குக் கொடுத்துவைக்கவில்லை என்று விட்டுவிட்டேன்.

அடுத்த கார்த்திகைக்கு டப்பா காலி. என்னோடு அலுவலகத்தில் வேலை பார்த்தவரின் மகன் அமெரிக்காவிலிருந்து வருவதாகத் தெரிந்து, ஒரு டப்பா வாங்கிவரச் சொல்லிவிட்டேன். அப்போது பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவர் தலையை நீட்டினார். "சீனி இல்லாததா பாத்து வாங்கச் சொல்லு. எனக்கு வந்த சீக்கு அதுக்கும் வந்துரப்பிடாது."

இதை நீங்கள் எங்கள் வீட்டிலிருந்து பார்க்க வேண்டும். அவருக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை வியாதி. அவர் அப்பாவுக்கு அதிலேயே கால் போயிற்று. எங்கள் வீட்டில் சீனி டப்பா கிடையாது, வெல்லம் கிடையாது, தேன் கிடையாது. எந்தப் பொட்டலத்தைக் கையில் எடுத்தாலும் முதலில் தேடுவது "சீனி சேர்க்கப்படாதது" என்ற வரியைத்தான். அந்த வரி இருந்தால் மேற்கொண்டு எதையும் படிப்பதில்லை. அது எங்களுக்கு நல்லது என்பதற்கு இன்னொரு பெயர்.

வந்தது ஓர் இளஞ்சிவப்பு டப்பா. சீனி இல்லாதது. சப்பித் தின்னும் மாத்திரை, ஸ்ட்ராபெரி வாசம். மிளகுக்கு அது மருந்தாகவே படவில்லை, பண்டமாகத்தான் பட்டது. உள்ளங்கையை நீட்டியவுடன் முகர்ந்துகூடப் பார்க்காமல் நாக்கால் வாரிக்கொண்டது. டாக்டரிடம் காட்டவில்லை. போன வருடம் காட்டிய மருந்துதானே என்று நினைத்தேன்.

அன்று சனிக்கிழமை. காலையிலிருந்தே மைக் ஓயவில்லை. ஒன்பது மணிக்கு இரண்டு மாத்திரை கொடுத்தேன். உதறல் நிற்கவில்லை. ஒன்பதரைக்கு இன்னும் மூன்று. இனிப்பு மிட்டாய் மாதிரிதானே இருக்கிறது, என்ன செய்துவிடும்? பத்து மணிவாக்கில் கொஞ்சம் வாந்தி எடுத்தது. துடைத்துவிட்டேன். அப்புறம் கட்டிலுக்கடியிலிருந்து தானாகவே வெளியே வந்து, கூடத்து நடுவில் கால் பின்ன இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் படுத்தது. தூக்கம் வந்துவிட்டது என்று நினைத்தேன். ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியைக் கூட்டிவைத்து, காபி கலந்துகொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தேன். வெளியே ஒரு வலிய வெடி. மிளகு அசையவில்லை. எவ்வளவு நிம்மதி எனக்கு! ஒரு பத்து நிமிடம், அந்தப் பருவத்திலேயே மிகச் சந்தோஷமான பத்து நிமிடம், நான் அதைப் பார்த்துக்கொண்டு காபி குடித்தேன்.

இன்னொரு வெடி. அப்போதுதான் காதைப் பார்த்தேன். காது துடிக்கவில்லை.

மாத்திரை போட்டாலும் அந்தக் காது துடிக்காமல் இருந்ததில்லை. கிட்டப் போய்த் தொட்டேன். தலை துணிமூட்டை மாதிரி சரிந்தது. பின்னங்கால்கள் தாமாக வெட்டி வெட்டி இழுத்தன. கண் திறந்திருந்தது, அதில் நான் இல்லை.

டாக்டருக்குப் போன் செய்தேன். "எந்தா கொடுத்தது?" டப்பாவைப் பார்த்து எழுத்தெழுத்தாகப் படித்தேன். எக்ஸில் தொடங்கிய ஒரு பெயரில் நிறுத்தச் சொன்னார். "அது எந்தாணுன்னு எனக்குச் சரியா அறியில்ல. சீனிக்குப் பதிலா இடுறது போல. வீட்டில ஷுகர் மீட்டர் உண்டல்லோ? காது ஓரத்தில குத்தி, ஒரு சொட்டு ரத்தம் வச்சு நோக்குங்க."

கணவரின் ஊசியால் மிளகின் காதைக் குத்தினேன். தினமும் அவர் விரலில் எண் காட்டும் மீட்டர், எண் காட்டவில்லை. "லோ" என்று மட்டும் காட்டியது. கருவி அளக்கக்கூடிய எல்லைக்கும் கீழே.

"சீனி, தேன், எதாவது. ஈறில தேய்க்கணும். தொண்டையில ஊத்த வேண்டா, மூச்சு அடைக்கும். தேய்ச்சிட்டு உடனே இங்க கொண்டு வாங்க."

போனை வைத்தேன். எங்கள் வீட்டில் சீனி இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பக்கத்து வீடு பூட்டியிருந்தது. சந்தில் ஓடினேன். கோவிலின் பின்வாசலில், மதில்மேல் வாழையிலைத் துண்டில் பிரசாதப் பாயசத்தை வைத்துக்கொண்டு, இரண்டு வெடிகளுக்கு நடுவே ஒரு வாயாக வெடிக்காரர் தின்றுகொண்டிருந்தார். கெட்டியான வெல்லப் பாயசம். இலையைக் காட்டினேன், வீட்டைக் காட்டினேன்.

"நாயா?" என்றார். தலையாட்டினேன். "கேக்க என்ன இருக்கு, நடங்கோ எக்கா" என்று இலையோடு எனக்கு முன்னால் ஓடினார்.

கூடத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து, மிளகின் தலையைத் தொடைமேல் வைத்து, உதட்டைத் தூக்கி, அந்தப் பாதி விரல்களால் பாயசப் பாகை ஈறில் தேய்த்தார். அவசரமே இல்லை. குழாயில் மருந்து இடிக்கிறவரின் பொறுமை. வெளியே மைக் கூப்பிட்டது: யாரோ ஒருவர், யாரோ ஒரு நட்சத்திரம், வலிய வெடி ரெண்டு. வெடி வரவில்லை. அடுத்த பெயர். அதற்கும் வரவில்லை. மைக் கொஞ்சம் குழம்பி, "எவிடெடா?" என்றது.

"உங்களைத் தேடறாங்க" என்றேன்.

"சாமி எங்கயும் போவாது" என்றார், தேய்த்துக்கொண்டே.

எத்தனை நேரம் என்று தெரியாது. இழுப்பு நின்றது. அப்புறம் மூக்கு நுனி மட்டும் அசைந்தது. அவர் கையில் ஊறிப்போன வெடிமருந்து வாசம் அதற்கு எட்டியிருக்க வேண்டும். மிளகு மெதுவாகத் தலையைப் பின்னுக்கு இழுத்தது. காது இரண்டும் தலையோடு ஒட்டிக்கொண்டன. உடம்பு நடுங்க ஆரம்பித்தது.

அவர் கையை எடுத்துவிட்டு, முகம் முழுக்கச் சிரித்தார். "என்னைக் கண்டு பயப்படுது பாத்தீங்களா? அப்ப பொழச்சிட்டு எக்கா."

ஒரு உயிர் பயப்படுவதைப் பார்த்து நான் அழுதது அந்த ஒரு தடவைதான்.

அவரே ஆட்டோ பிடித்து, மிளகைத் துணியில் சுற்றி என் மடியில் வைத்தார். ஆட்டோ முனை திரும்பும்வரை ஒரு வெடியும் கேட்கவில்லை. திரும்பிய பிறகு, நிலுவையில் இருந்தவையெல்லாம் வரிசையாக வெடித்தன. பிடித்து வைத்திருந்தார் என்று புரிந்தது.

டாக்டர் வீட்டில் இரண்டு நாள் குளுக்கோஸ் ஏறியது. வேறொரு டாக்டரிடம் விசாரித்துவிட்டு வந்து, அவர் எனக்கு விளக்கினார். குற்றம் மெலடோனினுடையது அல்ல. சீனிக்குப் பதிலாகச் சேர்த்திருந்த, மனிதனுக்கு ஒன்றும் செய்யாத அந்த இனிப்பு, நாயின் உடம்பில் இருக்கிற சர்க்கரையை எல்லாம் துடைத்துவிடுமாம், கல்லீரலையும் கெடுக்கலாமாம். நல்லவேளை, அது தப்பியது. "மனுஷனுக்கு நல்லது நாய்க்கும் நல்லதுன்னு எந்தப் புஸ்தகத்தில படிச்சது?" என்று கேட்டார்.

கடையிலிருந்து வந்த கணவர், சொட்டுச் சொட்டாக இறங்கும் சர்க்கரைத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். "நாந்தானே சீனி இல்லாததுன்னு சொன்னேன்" என்றார்.

"நாந்தானே அஞ்சு குடுத்தேன்" என்றேன்.

அதன் பிறகு வெடிக்காரர் காலையில் வேலைக்குப் போகும்போது கிரில்லைத் தட்டி, "எக்கா, இன்னைக்கு வெடி நெறைய உண்டு கேட்டேளா" என்று சொல்லிவிட்டுப் போவார். அன்று கோவில் வேலையைப் போட்டுவிட்டு வந்ததற்காக அவருக்குக் கிடைத்த திட்டைப் பற்றி ஒருநாளும் சொன்னதில்லை. நான் மிளகைப் பின்னறையில் விட்டு, வெறும் கிரைண்டரை ஓடவிடுவேன். அந்த இரைச்சலில் வெடி பாதி கரைந்துவிடும். நாத்தனார் மறுபடி அனுப்பி, டாக்டர் பார்த்துச் சரி சொன்ன வெள்ளை மாத்திரை ஒன்று. ஒன்றுதான். சமையலறை அலமாரியில் ஒரு சின்னத் தேன் பாட்டிலும் வந்து உட்கார்ந்தது. கணவர் அதைப் பார்த்தும் பார்க்காதவர்போல இருப்பார்.

மிளகு இன்னும் ஆறு கார்த்திகை இருந்தது. பூனை கடைசிவரை நான் வைத்த எதையும் மூன்று முறை முகராமல் தொட்டதில்லை. மிளகு அப்படி இல்லை. டாக்டர் வீட்டிலிருந்து திரும்பிய அன்று சாயங்காலமே, அவர் கொடுத்தனுப்பிய மாத்திரையோடு நான் நீட்டிய உள்ளங்கையை முகர்ந்துகூடப் பார்க்காமல் நக்கி எடுத்துக்கொண்டது. அது முகர்ந்து பார்க்காததால்தான், இப்போதும் யாருக்கு எதைக் கொடுப்பதாக இருந்தாலும், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளிச்சத்துக்குப் போய், கடைசி எழுத்துவரை நான் படித்துப் பார்க்கிறேன்.