எதிரே வருகிறவருக்கு ஒரு விரல்

அண்ணை கார் ஓட்டும்போது எதிரே வருகிற எல்லாருக்கும் விரல் காட்டினார். வாசிக்கிறவர்கள் பதற வேண்டாம், லண்டனில் காட்டுகிற விரல் அல்ல. ஸ்டியரிங்கைப் பிடித்த கை பிடித்தபடியே இருக்கும். சுட்டுவிரல் மட்டும் மெல்ல எழும்பி இறங்கும். எதிரே வருகிறவரும் அப்படியே எழுப்புவார். ஆளை ஆள் தெரியாது, இனிக் காணப்போவதும் இல்லை. லண்டன் கிங்ஸ்பரியில் எங்கள் பக்கத்து வீட்டு மனிதர் எட்டு வருடமாக, காலையில் என்னைக் கண்டதும் தன் சப்பாத்தைப் பார்க்கிறவர். அந்த ஊரிலிருந்து போன எனக்கு இது பெரிய புதினம்.

அது தொண்ணூற்று நாலாம் ஆண்டு, ஜூலை கடைசி. நான் வேலை செய்த பள்ளிக்கூடச் சமையலறை விடுமுறைக்குப் பூட்டியிருந்தது. அவுஸ்திரேலியாவிலிருந்து அண்ணை டிக்கெட் அனுப்பியிருந்தார். நாங்கள் ஒருவரையொருவர் கண்டு பத்து வருடம். அவருக்குப் புரோக்கன் ஹில் என்ற சுரங்க ஊரில் சர்வேயர் வேலை, கலியாணம் செய்யவில்லை. காருக்குப் பின்னால், படுக்கவும் சமைக்கவும் வசதியுள்ள ஒரு பழைய கரவன் வண்டியைக் கொழுவிக்கொண்டு, ஓபல் கல் தோண்டுகிற கூபர் பீடி வரை என்னைக் கூட்டிப்போவது திட்டம். நாடு காட்டத்தான் என்று சொன்னார். ஆனால் கடிதத்தில் வேறு எழுதியிருந்தார்: குடும்பத்தோடு இங்கே வந்துவிடு, நான் ஸ்பொன்சர் செய்கிறேன், வந்து பார்த்துவிட்டுப் பதில் சொல்லு. அந்தப் பதிலை நான் லண்டனிலிருந்தே கொண்டுபோயிருந்தேன். என் கணவருக்கு லண்டனில் வேலை நிரந்தரமாகியிருந்தது. எட்டு வயது மகள், தன் சிநேகிதிகளை விட்டு வரமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். இல்லை என்ற ஒரு சொல்லை அண்ணையின் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும். அதை நினைத்தால் விமானத்தில் தந்த சாப்பாடும் இறங்கவில்லை.

புரோக்கன் ஹில்லை விட்டு வெளிக்கிட்டால் ஒன்றுமே இல்லை. சிவப்பு மண், முழங்கால் உயரச் சாம்பல் நிறப் பற்றை, நேரே போகிற வீதி. அரை மணித்தியாலத்துக்கு ஒரு வாகனம் வந்தால் அதிகம். லண்டனில் நாலு கடைக்கு ஒருதரம் திரும்பிப் பழகிய கண்ணுக்கு, அந்த நேர்வீதி களைப்பாக இருந்தது. குளிர்காலம் என்றபடியால் வெயில் சுடவில்லை. நான் காலையில் கரவனுக்குள் அவித்த இடியப்பத்தை அண்ணை ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே ஓட்டினார். அப்போதுதான் தூரத்தில் ஒரு பெரிய லொறி வந்தது. அதன் சாரதி கையை உயர்த்தினார்.

“முன்னாலை செக்கிங் நிக்குதோ அண்ணை?” என்று கேட்டுவிட்டேன். கை தன்பாட்டில் கைப்பைக்குள் போய்ப் பாஸ்போர்ட்டைப் பிடித்தது.

வேறு யாராவது என்றால் சிரித்திருப்பார்கள். அண்ணை சிரிக்கவில்லை. அது இங்கே சும்மா காட்டுகிறது, சுகம் விசாரிக்கிற மாதிரி என்று மட்டும் சொன்னார்.

எண்பத்துநாலில் நாங்கள் இருவரும் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரே வாடகை வானில் கொழும்புக்குப் புறப்பட்டோம். எனக்கு லண்டன் விமானம்; அண்ணை வழியனுப்ப வந்தார். கிளிநொச்சி தாண்டியதும் எதிரே வந்த லொறிக்காரர் கையை வெளியே நீட்டி, கீழே அமத்திக் காட்டினார். அந்த நாளில் அது எங்கள் வீதிகளில் எல்லாருக்கும் விளங்கும். முன்னால் ஆமி மறிக்கிறான், இளம் பெடியள் இருந்தால் இறக்கிவிடு. அண்ணைக்கு இருபத்தேழு வயது. வான் நின்றது. நீ போ, நான் பின்னாலை வாறன் என்று சொல்லிவிட்டு இறங்கிப் பற்றைக்குள் போனார். அவருடைய நீலச் சேட்டுத்தான் நான் கடைசியாகக் கண்டது. விமான நிலைய வாசலில் கடைசி நிமிடம் வரை நின்றேன். அவர் வந்துசேரவில்லை. ஆறு மாதம் கழித்துத்தான் சாம்பியாவிலிருந்து, அங்கே ஒரு சுரங்கத்தில் வேலை என்று கடிதம் வந்தது. அந்த லொறிக்காரர் அவருடைய உயிரைக் காப்பாற்றியிருக்கலாம். எங்களை இரண்டு பக்கமாகப் பிரித்துவிட்டதும் அதே கைதான்.

கொஞ்சத் தூரம் போக, உண்மையாகவே செக்கிங் வந்தது. வீதியோரம் ஒரு கொட்டில், யூனிபோர்ம் போட்ட மனிதர், நிற்கச் சொல்லி ஒரு பலகை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அண்ணையின் சேட்டுக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“பயப்பிடாதை பிள்ளை,” என்றார். “இந்தமுறை நான் இறங்கமாட்டன்.”

மனிதர் யன்னலருகே குனிந்து ஏதோ கேட்டார். அவருடைய ஆங்கிலம் எனக்கு அரைவாசிதான் விளங்கியது. பாஸ்போர்ட்டை நீட்டினேன். அண்ணையின் அழைப்புக் கடிதத்தையும் நீட்டினேன். அவர் பாஸ்போர்ட்டை விரித்து, படத்தைப் பார்த்து, நல்லாய் இருக்கிறது என்று திருப்பித் தந்துவிட்டு, பழம் ஏதாவது இருக்கிறதா என்று மறுபடி கேட்டார். பழ ஈ அடுத்த மாநிலத்துக்குப் போகாமல் மறிக்கிறார்களாம். லண்டனில் தஞ்சம் கேட்டபோது என் கதை முழுவதையும் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தவள் நான். இந்த மனிதருக்கோ, சமையலுக்கு நான் வைத்திருந்த நாலு தேசிக்காய், எலுமிச்சைதான், போதுமாக இருந்தது. அதோடு, அண்ணை வீட்டுப் பின்வளவில் வளர்த்த பச்சைமிளகாயையும் அள்ளிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு அண்ணைக்கு வாய் மூடவில்லை. எங்களுக்கு எந்தத் தெருவில் வீடு, மகளுக்கு எந்தப் பள்ளிக்கூடம் என்று எல்லாம் பார்த்து வைத்திருந்தார். இடையிடையே விரலை எழுப்பினார். எதிர்ப்பக்கம் விரல் எழும்பாவிட்டால் அவருடைய முகம் ஒரு கணம் வாடியதைக் கண்டேன். அட கடவுளே, இந்த மனிதர் நாள் முழுக்க இதற்காகத்தானா வீதியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தோன்றியது. என் நல்லதுக்குத்தான் கூப்பிடுகிறார் என்று அதுவரை நினைத்திருந்தேன். நான் வரவேண்டியது அவருக்காக.

கூபர் பீடியில் வெக்கைக்குப் பயந்து சனங்கள் நிலத்துக்குக் கீழே கல்லைக் குடைந்து வீடு கட்டியிருக்கிறார்கள். அப்படி ஒரு அறையில், யன்னல் இல்லாத சுவரைப் பார்த்தபடி தேத்தண்ணி குடிக்கும்போது சொன்னேன். “எனக்கு இன்னொருக்கா முதல்லயிருந்து தொடங்க ஏலாது அண்ணை.”

அவர் கோப்பையை மேசையில் வைத்தார். “தெரியும் பிள்ளை. கேக்காமல் இருக்க ஏலேல்லை.”

அப்படியென்றால் நீங்கள் லண்டனுக்கு வாருங்கள் என்றேன்.

“அங்கை ஆர் எனக்கு விரல் காட்டுறது?” என்றார்.

அடிலெய்ட் விமான நிலையத்தில் காரை விட்டு இறங்கியது நான். அவர் கரவனை இழுத்துக்கொண்டு திரும்பிப்போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போதெல்லாம் ஞாயிறு தவறாமல் போன் எடுத்து, அந்தக் கிழமை ஏழு நாளும் வீதியில் எத்தனை பேர் விரல் காட்டினார்கள் என்று சொல்கிறார். நானும் வேறு ஒன்றும் கேட்பதில்லை.

போன மாதம் மகளை ஏற்றிக்கொண்டு கார் ஓட்டிப்போகையில் கிங்ஸ்பரி சிக்னலில் காத்துநின்றேன். எதிர்ப்பக்கம் ஒரு வான், ஓட்டுகிற மனிதர் தனியாக. என்னையறியாமல் ஸ்டியரிங்கில் இருந்த என் சுட்டுவிரல் எழும்பியது. அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார், யாருக்கோ என்று.

“ஆர் அம்மா அது?” என்று மகள் கேட்டாள்.

தெரியாது என்றேன். சிக்னல் பச்சையாகி, பின்னால் நின்றவர் ஹோர்ன் அடிக்கும்வரை விரலை இறக்க எனக்கு மனம் வரவில்லை.