கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்த நாட்கள்

இறைநம்பிக்கை கொண்ட என் உடன்பிறப்புகளே, இதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆயினும் பெற்ற அருளை ஒளித்துவைப்பது நன்றிகேடு என்பதால் எழுதுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுப்பகுதி, நோன்பு மாதத்துக்கு முந்திய மாதம். இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைக் கடைவீதியில் எனக்கொரு துணிக்கடை இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் பள்ளிவாசலில் குத்பாப் பேருரை ஓதும் பொறுப்பும் என்னுடையதே. ஒரு நாள் விடியுமுன் சுபுஹுத் தொழுகைக்காகக் கைமுகம் கழுவி ஒளுச் செய்கையில், வாயில் கொண்ட நீர் இடப்பக்கமாகத் தானே வழிந்தது. குளிர் என்று எண்ணினேன். விடிந்தபின் கண்ணாடியைப் பார்த்தேன். இடக்கண் மூடவில்லை. வாய் வலப்பக்கம் இழுபட்டிருந்தது. அது என் முகமன்று.

டிக்கோயா மருத்துவமனைக்குப் பேருந்தில் சென்றேன். வழி நெடுகக் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டேன். தானாகத் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், பொறுத்திருக்க வேண்டும் என்றார் மருத்துவர். குத்பாவை வேறொருவர் ஏற்றார். நான் பின்வரிசைக்குப் போனேன். உறங்கும்போதும் மூடாத ஒரு கண்ணோடு நாட்கள் சென்றன. களைத்துப்போனேன்.

கண்ணாடி பார்க்கையில் ஓதும் துஆ ஒன்றுண்டு. "இறைவா, என் தோற்றத்தை நீ அழகாக்கியதுபோல் என் குணத்தையும் அழகாக்குவாயாக." இளமை முதல் அதை நாள் தவறாது ஓதிவந்தேன். இப்போது நிறுத்திவிட்டேன். கோணிய முகத்தோடு அதை ஓதுவது பொய்யுரைப்பதாகும் என்பது என் வாதம். சேலை வைத்துப் பார்ப்பதற்கெனக் கடையில் நின்ற ஆளுயரக் கண்ணாடியையும் சுவர்ப்பக்கம் திருப்பினேன்.

அந்நாட்களில் தேயிலைத் தோட்டத்திலிருந்து பாக்கியம் என்ற பெண் வந்தாள். கொழுந்து பறிப்பவள், முகமெங்கும் அம்மைத் தழும்பு. தங்கையின் கல்யாணத்துக்கு உடுத்தவென்று ஒரு நீலச் சேலையை எடுத்துத் தோளில் போட்டாள்.

"மொதலாளி, கண்ணாடி எங்கங்க?"

"ஒன் மொகத்துக்குக் கண்ணாடி ஒரு கேடா?" என்றேன், கைக்குட்டையால் வாயை மறைத்தபடியே.

அவள் சேலையை ஒழுங்காக மடித்து வைத்தாள். படியிறங்கிப் போனாள்.

உள்ளேயிருந்த என் மனைவி கேட்டுவிட்டாள். சோறு பரிமாறும்போது வினவினாள்.

"கண்ணாடி பாத்து ஓதுவீங்களே, அதுக்கு என்ன அர்த்தம்?"

சொன்னேன்.

"அப்ப மொகம் அல்லாஹ் தந்தது. நீங்க கேட்டது கொணத்த."

"ஓம்."

"இருவது வருசமா நானும் பாக்கிறேன். கேட்டது இன்னம் வந்து சேரலியே."

சிரிப்பாள் என்று நிமிர்ந்து பார்த்தேன். சிரிக்கவில்லை.

அன்று தொழுகை விரிப்பில் அழுதேன். நோயால் அந்தக் கண் எந்நேரமும் நீர் வடித்தது. எது நோய், எது அழுகை என்று எனக்கே தெரியவில்லை. "இறைவா, முகத்தை உன் விருப்பம்போல் வைத்துக்கொள். குணத்தைத் தா." இவ்வளவே கேட்டேன். ஒருவருக்கு இழைத்த தீங்கை அவரிடமே சென்று தீர்க்க வேண்டும் என்று பிறருக்கு எத்தனையோ முறை உரைத்தவன் நான்.

ஞாயிற்றுக்கிழமை அந்தச் சேலையைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு தோட்டத்துக்கு ஏறினேன். தொழிலாளர் வீடுகள் வரிசையாக நின்ற லயத்தில் எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். துணிவால் நான் முகத்தைக் காட்டவில்லை. மேடேறிய களைப்பில் கைக்குட்டையைத் தூக்கிப் பிடிக்க வலுவில்லை, அவ்வளவுதான்.

பாக்கியம் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள்.

"அன்னைக்கு நான் பேசினது பெரிய பிழை. மன்னிச்சிரும்மா."

கோடரியைக் கீழே வைத்து என்னை உற்றுப் பார்த்தாள்.

"இதுக்குத்தான் கண்ணாடியத் திருப்பி வச்சீங்களா? எனக்கு எட்டு வயசுல அம்ம போட்டுச்சுங்க. வாளித் தண்ணியிலகூட மொகத்தப் பாக்க மாட்டேன். பொறகு, பொட்டு கோணலாப் போகுதுன்னு லயமே சிரிச்சிச்சு. அதுக்காகப் பாக்கத் தொடங்குனேன்."

சேலையை நீட்டினேன். அவள் கை நீட்டவில்லை.

"சும்மா வேணாங்க. கண்ணாடியத் திருப்பி வைங்க. நானே வந்து வச்சுப் பாத்து வாங்கிக்கிறேன்."

அன்றே திருப்பி வைத்தேன். ஒவ்வொரு நாளும் அவளை எதிர்பார்த்தேன். வாரம் முழுதும் வரவில்லை. அடுத்த ஞாயிறு தங்கையோடு வந்தாள். கண்ணாடி முன் நின்று சேலையைத் தோளில் போட்டாள். பொட்டை விரலால் நேராக்கினாள். அவளுக்குப் பின்னால் என் கோணிய முகமும் தெரிந்தது. நீர் வழியும் உதட்டை விரலால் அழுத்திக்கொண்டு துஆவை முழுமையாக ஓதினேன். முதற்பாதி பொய்யாகத் தோன்றவில்லை.

சில மாதங்களில் முகம் மெல்லத் திரும்பியது. களைத்தால் இடவாய் இன்றும் தொங்கும். அதுவும் அவன் அருளே. ஆனால் நான் சாட்சி கூறுவது அதற்காக மட்டுமன்று. அன்பர்களே, கண்ணாடி முன் நிற்கையில் அவசரப்படாதீர்கள். இரண்டாம் பாதியையும் வேண்டுங்கள். அவன் செவிமடுக்கிறான்.

அண்மையில் என் மனைவியிடம் கேட்டேன், கேட்டது வந்து சேர்ந்துவிட்டதா என்று.

"வந்துக்கிட்டிருக்கு. ஓதுறத நிப்பாட்டிராதீங்க" என்றாள். இம்முறை சிரித்தாள்.